தொலைவும் பொழுதும்

சேலம் மாநகரின் வடபால் அமைந்த பகுதி அஸ்தம்பட்டி. அங்கு நின்று வடக்கே நோக்குவார்க்குச் சேர்வராயன் மலைத்தொடர் நீலத்திரை விரித்தாற்போல் தோன்றும். அம்மலைமேல் உள்ள ஏற்காட்டிற்கும் அஸ்தம்பட்டிக்கும் இடையே நேர்கோடு இழுத்து அளந்தால், அக்கோடு ஏறத்தாழ 12 கிலோமீட்டரே இருக்கும். ஆயினும் பேருந்தில் செல்வோர் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, அதனினும் இருமடங்குக்கு மேற்பட்ட வழியைச் சென்ற பின்னரே ஏற்காட்டை அடைகின்றனர். அவர்க்கு ஒரு மணியளவு பொழுது கழிகின்றது. அதே மலையினின்றும் இறங்கும் பருந்தோ வளைவு ஒன்றும் அறியாது; சிறகை விரித்துச் சில நிமிடங்களில் சமவெளியை அடைந்துவிடும்.

‘ஏற்காடு எவ்வளவு தொலைவு?’ என்று ஒருவர் வினவினால், அதற்கு மூன்று விடைகள் கூறலாம். நேர்கோட்டளவு ஒன்று; சாலையளவு ஒன்று; செல்லும் பொழுது ஒன்று. மூன்றும் உண்மையே, ஆயினும் மூன்றும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை உணராதார் பயணத்தில் இடர்ப்படுவர். உணர்ந்தார் பொழுதையும் பொருளையும், சிற்சில வேளைகளில் உயிரையும், காத்துக்கொள்வர். விமானப் பயணத்தில் இவ்வேறுபாடு இன்னும் நுட்பமானது. சேலம் விமான நிலையத்திற்கும் சென்னை விமான நிலையத்திற்கும் இடைப்பட்ட தொலைவையும், அதனைக் கடக்கும் பொழுதையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு அதனை ஆராய்தல் பயனுடைத்து.

பண்டையோர் கண்ட அளவு

தொலைவையும் பொழுதையும் இணைத்தே எண்ணுதல் தமிழர்க்குப் பழமையான வழக்கம். ஒரு நாள் 60 நாழிகை கொண்டது. ஒரு நாழிகை 24 நிமிடம். ஒரு நாழிகைப் பொழுதில் ஒருவன் நடந்து கடக்கும் வழியை ‘நாழிகை வழி’ என்றனர். ஏழரை நாழிகை வழி ஒரு காதம் ஆகும். ஏழரை நாழிகை என்பது மூன்று மணி நேரம். அதுவே ஒரு சாமம். எனவே, ஒரு சாமப்பொழுது நடந்தால் எவ்வளவு வழி கழியுமோ அவ்வளவே ஒரு காதம் என்பது விளங்கும்.

சிலப்பதிகாரத்தில், புகாரை விட்டுப் புறப்பட்ட கண்ணகி, சிறிது வழி நடந்த அளவிலேயே கால் சோர்ந்து, மதுரை எங்குள்ளது எனக் கணவனை வினவுகின்றாள். அங்கே கூறப்படும் அளவு முப்பது காதம். மெல்லிய பாதங்களையுடைய ஒருத்திக்கு அம்முப்பது காதமும் வெறும் எண்ணல்ல. முப்பது சாமங்கள் நடக்க வேண்டிய வருத்தம். காலால் நடந்த காலத்தில் தொலைவு வேறு, பொழுது வேறு என்று பிரிக்க வேண்டிய தேவை மிகுதியாக எழவில்லை. நடையின் வேகம் எல்லார்க்கும் ஏறத்தாழ ஒன்றாக இருந்ததே அதன் காரணம். வண்டியும் இரயிலும் விமானமும் தோன்றி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் ஒவ்வொரு வழியில் செல்லத் தொடங்கிய பின்னரே, இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டியதாயிற்று.

நிலம் அளந்த வரலாறு

சேலத்திலிருந்து புறப்படும் விமானம் சென்னையில் மீனம்பாக்கத்தில் இறங்குகின்றது. அந்நிலையத்தின் அருகே உயர்ந்து நிற்பது பரங்கிமலை. இந்திய நாட்டின் தொலைவுகளைப் பிழையற அளக்கும் பெரும்பணி அம்மலையின் அடிவாரத்திலேதான் தொடங்கிற்று என்பது அறிந்து மகிழத்தக்க செய்தி. 1802-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படைவீரர், நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி கொண்டு பரங்கிமலைப் பகுதியில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்தார். வெயிலில் சங்கிலி நீளும் என்பதனால், வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு கணக்கைத் திருத்தினார். அவ்வேலை முடிய ஆறு வாரங்கள் ஆயின.

ஒரு கோட்டின் நீளத்தைப் பிழையின்றி அறிந்துகொண்டால், அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் உள்ள ஒரு குன்றின் உச்சியை நோக்கிக் கோணங்களை அளந்து, அக்குன்றின் தொலைவை நடந்து செல்லாமலே கணக்கிடலாம். இவ்வாறு முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அமைத்து, 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டிக் குமரிமுனை முதல் இமயமலை வரை அளந்து முடித்தனர். லாம்டன் 1823-ஆம் ஆண்டில் இறந்த பின்னர், அப்பணியை ஜார்ஜ் எவரஸ்ட் தொடர்ந்து நடத்தினார். சேலமும் அத்தீர்க்கரேகையின் அருகிலேயே உள்ளது. இன்று ஓர் ஊரின் இருப்பிடத்தை இரண்டு எண்களால் கூற இயல்கின்றது என்றால், அதற்கு அடிகோலியவர் இத்தகைய உழைப்பாளரே.

வான்வழித் தொலைவு

அவ்விரண்டு எண்களாவன அட்சரேகையும் தீர்க்கரேகையும். சேலம் விமான நிலையம் ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ளது. அதன் இருப்பிடம் வட அட்சரேகை 11 பாகை 47 கலை. கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகை 4 கலை. சென்னை விமான நிலையத்தின் இருப்பிடம் வட அட்சரேகை 12 பாகை 59 கலை. கிழக்குத் தீர்க்கரேகை 80 பாகை 10 கலை. ஒரு பாகை 60 கலைகளைக் கொண்டது என்பதை நினைவிற்கொண்டு கணக்கிட்டால், சென்னை சேலத்திற்கு வடக்கே 72 கலையும், கிழக்கே 126 கலையும் விலகி இருத்தல் புலனாகும்.

மாலுமிகளும் விமானிகளும் கையாளும் அளவு ‘கடல் மைல்’ எனப்படும். அது 1,852 மீட்டர். வடக்கு தெற்காக ஒரு கலை செல்வது ஏறத்தாழ ஒரு கடல் மைல் ஆகும் வண்ணம் அவ்வளவு அமைந்துள்ளது. எனவே வடக்கே 72 கலை என்பது 72 கடல் மைல். தீர்க்கரேகைகளோ துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்குவன. ஆகவே சேலம், சென்னை ஆகிய ஊர்கள் உள்ள இடத்தில் கிழக்கு மேற்காக 126 கலை என்பது சற்றுக் குறைந்து 123 கடல் மைல் ஆகின்றது. இனிச் செங்கோண முக்கோணத்தின் விதியைக் கையாளுதல் எளிது. 72-இன் வர்க்கத்தையும் 123-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் கண்டால், ஏறத்தாழ 143 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 264 கிலோமீட்டர் என விடை கிடைக்கும். பள்ளிக் கணக்கேட்டில் கற்ற தேற்றம் வானத்திலும் வழிகாட்டுகின்றது அன்றோ!

குறுந்தொலைவிற்கு இக்கணக்குப் போதும். நெடுந்தொலைவிற்குப் பூமியின் உருண்டை வடிவத்தையும் கருதுதல் வேண்டும். பூகோள உருண்டை ஒன்றில் இரண்டு ஊர்களின்மேல் நூல் ஒன்றை இழுத்துப் பிடித்தால், அந்நூல் செல்லும் வழியே குறுகிய வழி. தட்டையான படத்தில் அவ்வழி வளைந்து தோன்றும். இலண்டனிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குச் செல்லும் விமானங்கள் கிரீன்லாந்தின் பக்கமாகச் செல்லுதல் இதனாலேதான். படத்தை மட்டும் பார்ப்பவர்க்கு அது சுற்றுவழி. உருண்டையைப் பார்ப்பவர்க்கு அதுவே நேர்வழி.

சேலத்திலிருந்து சென்னைக்கு இருப்புப்பாதை ஏறத்தாழ 335 கிலோமீட்டர். அது சேர்வராயன் மலையைச் சுற்றிச் சென்று, மொரப்பூர், திருப்பத்தூர், சோலையார்பேட்டை, காட்பாடி, அரக்கோணம் வழியாகச் சென்னையை அடைகின்றது. மலையை விலக்கியும் சமநிலத்தைத் தேடியும் செல்வது இருப்புப்பாதையின் இயல்பு. அதனால் வான்வழியினும் 70 கிலோமீட்டர் மிகுகின்றது.

பறக்கும் பொழுது

சேலம் நிலையத்தில் வந்திறங்கும் ‘ஏ.டி.ஆர். 72’ என்னும் விமானம் சுழல்விசிறி பூண்டது; எழுபதுக்கு மேற்பட்ட பயணிகளைச் சுமக்க வல்லது. அது உயரே நிலைபெற்றுப் பறக்கும்போது மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். 264-ஐ 500-ஆல் வகுத்தால் 32 நிமிடத்திற்கும் சற்றுக் குறைவாகவே வருகின்றது. ஆனால், விமான நிறுவனத்தின் காலக்குறிப்பிலோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று காணப்படும். எஞ்சிய பொழுது எங்கே போயிற்று?

அதற்குரிய காரணங்கள் பல. காலக்குறிப்பில் உள்ள நேரம், விமானம் நிலத்தை விட்டு எழும் கணத்தில் தொடங்குவது அன்று. நின்ற இடத்தினின்றும் அதன் சக்கரம் நகரும்போதே தொடங்கி, சென்றடைந்த நிலையத்தில் சக்கரம் நின்று தடைக்கட்டை வைக்கும்போதுதான் அது முடிகின்றது. இடையே ஓடுபாதையின் முனைவரை ஊர்ந்து செல்ல வேண்டும். முன் நிற்கும் விமானம் எழும்வரை காத்திருக்க வேண்டும். எழுந்தபின் உயரே ஏறும் வரையில் விமானம் தன் முழு வேகத்தைப் பெறாது. இறங்கும்போதும் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, தரையைத் தொடுமுன் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் அளவிற்குக் கொணர வேண்டும். 264 கிலோமீட்டரில் பெரும்பகுதி இவ்வாறு ஏறுவதிலும் இறங்குவதிலுமே கழிந்துவிடும். முழு வேகத்தில் பறக்கும் பகுதி சிறிதே.

மேலும், விமானங்கள் எப்பொழுதும் காற்றை எதிர்கொண்டே எழவும் இறங்கவும் முனைகின்றன. மேற்கிலிருந்து வரும் விமானம், கடற்காற்று வீசும் மாலையில் நேரே வந்து இறங்கலாம். காற்றுத் திரும்பிய காலையிலோ நகரைக் கடந்து சுற்றி வந்து இறங்க வேண்டியிருக்கும். அன்றியும், சென்னை போன்ற பெரிய நிலையத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல விமானங்கள் வருமாகையால், வரிசை வரும் வரை வானில் வட்டமிடவும் நேரும். இவை யாவற்றையும் கருதியே காலக்குறிப்பு எழுதப்படுகின்றது. ஆகவே தொலைவை வேகத்தால் வகுத்தல் கணக்கின் தொடக்கமேயன்றி முடிவாகாது.

காற்றின் செயல்

ஆற்றில் செல்லும் ஓடத்தை நீரோட்டம் இழுப்பது போல, வானில் செல்லும் விமானத்தைக் காற்றோட்டம் இழுக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று பின்னிருந்து வீசினால், விமானம் நிலத்தை நோக்க மணிக்கு 600 கிலோமீட்டர் செல்லும். முன்னிருந்து வீசினால் 400 கிலோமீட்டரே செல்லும். முழு வழியையும் ஒரே வேகத்தில் கடப்பதாகக் கொண்டால், முதற்பயணம் ஏறத்தாழ 26 நிமிடம். மறுபயணம் ஏறத்தாழ 40 நிமிடம். இரண்டும் சேர்ந்து 66 நிமிடம் ஆகும். காற்றே இல்லாதபோது போக்கும் வரவும் 64 நிமிடத்திற்குள் முடிந்திருக்கும். துணைக்காற்றால் பெறும் ஊதியத்தை எதிர்க்காற்றால் அடையும் இழப்பு விஞ்சிவிடுகின்றது. விரைவாகச் செல்லும் பொழுது குறுகியது. மெதுவாகச் செல்லும் பொழுதோ நெடியது. எனவே காற்றின் தீமை நெடும்பொழுதும், நன்மை குறும்பொழுதும் நிற்கின்றன. இது சிந்தித்து உணர வேண்டிய நுட்பம்.

கடிகாரம் காட்டும் மாயம்

இரு நகரங்களின் கடிகாரங்கள் வேறுபட்டிருந்தால் வேறொரு குழப்பம் உண்டாகும். ஐரோப்பாவில் இலண்டனும் பாரிசும் அண்டை நாடுகளின் தலைநகரங்கள். இலண்டனின் ஹீத்ரோ நிலையத்திற்கும் பாரிசின் சார்ல் தெ கோல் நிலையத்திற்கும் வான்வழித் தொலைவு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். பயணம் ஒன்றேகால் மணி நேர அளவினது. ஆனால் பாரிசின் கடிகாரம் இலண்டன் கடிகாரத்தினும் ஒரு மணி முந்தியது. ஆகவே இலண்டனில் காலை 9 மணிக்குப் புறப்பட்ட விமானம் பாரிசில் இறங்கும்போது அந்நகரின் கடிகாரம் 11-15 காட்டும். திரும்பி வரும்போதோ, 9 மணிக்குப் புறப்பட்டவர் 9-15-க்கே இலண்டனில் இறங்கியதாகத் தோன்றும். போகும்போது இரண்டேகால் மணி, வரும்போது கால் மணி என்று கருதுவோர் கடிகாரத்தால் ஏமாற்றப்பட்டவரே.

இந்தியா முழுமைக்கும் ஒரே பொது நேரம் விதிக்கப்பட்டிருப்பதால், சேலம் சென்னைப் பயணத்தில் இக்குழப்பம் இல்லை. எனினும் கதிரவன் பொது நேரத்தை அறியான். ஒரு பாகை கிழக்கே சென்றால் நண்பகல் நான்கு நிமிடம் முந்தும். சென்னை இரண்டு பாகைக்குச் சற்று மிகுதியாகக் கிழக்கே இருத்தலின், அங்கே கதிரவன் உச்சிக்கு வந்து எட்டு நிமிடம் கழித்தே சேலத்தின் உச்சிக்கு வருகின்றான்.

இலண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே நாள்தோறும் செல்லும் விமானப் போக்குவரத்து 1919-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25-ஆம் நாள் தொடங்கிற்று. அன்று சென்ற சிறு விமானத்தில் இருந்த பயணி ஒருவரே. உடன் செய்தித்தாள்களும் பாலாடையும் வேறு சில உணவுப் பொருள்களும் ஏற்றப்பட்டன. பயணத்திற்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று. இந்திய நாட்டில், 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு அஞ்சற் பைகளுடன் விமானம் ஓட்டிச் சென்றார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அவற்றைக் கொணர்ந்தவர் நெவில் வின்சென்ட் என்பவர். அவ்வாறே சென்னைக்கு வான்வழி அஞ்சல் வந்து சேர்ந்தது.

பிழையின் விலை

தொலைவையும் பொழுதையும் கணக்கிடுதல் வெறும் அறிவு விளையாட்டு அன்று. விமானத்தில் எவ்வளவு எரிபொருள் நிரப்புவது என்பது அக்கணக்கையே பொறுத்தது. சாலையில் எரிபொருள் தீர்ந்த வண்டி ஓரமாக நிற்கும். வானில் நிற்க ஓரம் ஏது? ஆகவே சேருமிடம் வரை செல்வதற்கு வேண்டியதோடு, அங்கே இறங்க இயலாவிடில் வேறொரு நிலையத்திற்குச் செல்வதற்கு வேண்டியதையும், அதன்மேல் அரை மணியளவு வட்டமிடுவதற்கு வேண்டியதையும் சேர்த்தே நிரப்புவர். 2018-ஆம் ஆண்டு போகித் திருநாளன்று காலையில், பனியும் பழம்பொருள்களை எரித்த புகையும் கலந்து சென்னையை மூடின. இறங்க வந்த விமானங்கள் பல வேற்றூர் நிலையங்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. மிகுதியாக நிரப்பிய எரிபொருளின் பயன் அன்று விளங்கிற்று.

அளவில் நேரும் பிழை எத்துணைக் கொடியது என்பதற்குக் கனடா நாட்டு நிகழ்ச்சி ஒன்று சான்று. 1983-ஆம் ஆண்டு சூலை 23-ஆம் நாள், மான்டிரியல் நகரிலிருந்து எட்மன்டன் நகருக்குப் பெரிய விமானம் ஒன்று புறப்பட்டது. அந்நாடு பழைய அளவு முறையிலிருந்து மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. விமானத்தின் எரிபொருள் காட்டும் கருவி பழுதுற்றிருந்தமையால், கையாலே அளந்து கணக்கிட்டனர். கிலோகிராமில் கொள்ள வேண்டிய கணக்கைப் பவுண்டில் கொண்டுவிட்டனர். ஒரு பவுண்டு அரைக் கிலோகிராமினும் குறைந்தது. எனவே வேண்டிய எரிபொருளில் பாதிக்கும் குறைவாகவே விமானத்தில் இருந்தது. பாதி வழியில், 41,000 அடி உயரத்தில், பொறிகள் இரண்டும் அடுத்தடுத்து நின்றன. விமானி மனந்தளராது, பொறியற்ற விமானத்தைக் காற்றில் மிதக்கவிட்டு, கிம்லி என்னும் ஊரில் கைவிடப்பட்டிருந்த பழைய படைத்தளத்தின் ஓடுபாதையில் இறக்கினார். அதில் இருந்த 69 பேரும் உயிர் பிழைத்தனர். அன்று அவர்களைக் காத்தது விமானியின் திறன். அவ்விடரை விளைத்ததோ ஒரு பெருக்கற் கணக்கின் பிழை. ‘எண்ணோடு அதன் அலகையும் எழுதுக’ என ஆசிரியர் பலகாலும் வற்புறுத்துவது எதற்கென மாணவர் இதனால் உணர்வர்.

வீடு முதல் வீடு வரை

பயணி ஒருவர்க்கு உண்மையாக வேண்டுவது எது? நிலையம் முதல் நிலையம் வரை செல்லும் பொழுது அன்று. தம் வீட்டு வாயில் முதல் சேருமிடத்தின் வாயில் வரை செல்லும் பொழுதே அவர்க்குப் பொருளுடையது. அஸ்தம்பட்டியில் வாழும் ஒருவர் சென்னைக்குச் செல்ல எண்ணுகின்றார் என்று கொள்ளலாம். காமலாபுரம் செல்ல அவர்க்கு முக்கால் மணியளவு வேண்டும். விமானம் புறப்படுவதற்கு ஒரு மணிக்கு முன்னரே நிலையத்தில் இருத்தல் வேண்டும். பயணம் ஒரு மணி. சென்னையில் இறங்கி, பெட்டியைப் பெற்று வெளிவர அரை மணி. மீனம்பாக்கத்திலிருந்து நகரின் நடுப்பகுதிக்குச் செல்ல முக்கால் மணி. ஆக நான்கு மணி நேரம் ஆகின்றது. வானில் பறந்ததோ அதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவே.

அவர் இரயில் வண்டியில் சென்றால், சூரமங்கலத்தில் உள்ள சேலம் சந்திப்பிற்கு அரை மணிக்குள் செல்லலாம். மிக விரைந்த வண்டி ஏறத்தாழ நான்கு மணியில் சென்னை சென்ட்ரல் நிலையத்தில், நகரின் நடுவிலேயே, இறக்கிவிடும். இவ்வாறாக ஐந்து மணிக்குள் பயணம் முடியும். இரண்டற்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு மணிக்கும் குறைவு. விமானக் கட்டணமோ பெரும்பாலும் மிகுதி. சேருமிடம் தாம்பரமாயின் விமானமே நன்று. இராயபுரமாயின் இரயிலே நன்று. இரவில் செல்லும் ஏற்காடு விரைவு வண்டியில் உறங்கிச் சென்று விடியலில் இறங்குவார்க்கு, பகற்பொழுது சிறிதும் குறைவதில்லை. உறக்கத்தில் கழிந்த வழி அவர்க்கு வழியாகவே தோன்றாது.

எனின், விமானத்தால் பயன் யாது? தொலைவு மிகுந்தோறும் அதன் பயன் மிகும். வீட்டினின்று நிலையம் செல்வதும், காத்திருப்பதும், பெட்டி பெறுவதும் குறும்பயணத்திற்கும் நெடும்பயணத்திற்கும் ஏறத்தாழ ஒரே அளவின. 264 கிலோமீட்டர்ப் பயணத்தில் அப்பொழுது பெருஞ்சுமை. தில்லிப் பயணத்தில் அது சிறுசுமை. இரயிலில் ஒன்றரை நாள் செல்லும் வழியை விமானம் ஒரு பகலுக்குள் அடக்கிவிடும். மேலும், சென்னையில் வேறு விமானம் மாறி அயல்நாடு செல்வார்க்குக் குறும்பயணமும் பெருந்துணையே. மீனம்பாக்கமே அவர்தம் சேருமிடம் அன்றோ! இவ்வாறு கணக்கிடுதல் மேலைநாட்டிலும் உண்டு. 1994-ஆம் ஆண்டு கடலடிச் சுரங்கம் திறக்கப்பட்ட பின், இலண்டனுக்கும் பாரிசுக்கும் நகர் நடுவிலிருந்து நகர் நடுவிற்கு இரயில் ஓடத் தொடங்கிற்று. அப்பயணம் இக்காலத்தில் இரண்டேகால் மணி நேர அளவில் முடிவதால், விமானத்தினும் அதனையே விரும்புவோர் பலர். பிரான்சு நாடு, இரண்டரை மணிக்குள் இரயிலில் செல்லத்தக்க சில உள்நாட்டு வழிகளில் விமானம் விடுவதை 2023-ஆம் ஆண்டில் தடை செய்தது. வான் மாசுபடுவதைக் குறைத்தல் அதன் நோக்கம்.

ஓடுபாதையும் உழவர் நிலமும்

சேலம் விமான நிலையம் 1993-ஆம் ஆண்டில் அமைந்தது. ஆயினும் அங்கே விமானங்கள் இடையறாது வந்தன என்று கூறல் இயலாது. 2009-ஆம் ஆண்டில் தொடங்கிய போக்குவரத்துச் சில ஆண்டுகளில் நின்றது. சிறு நகரங்களை வான்வழியால் இணைக்கும் உடான் திட்டத்தின்கீழ் 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் மீண்டும் தொடங்கி, 2021-ஆம் ஆண்டில் மீண்டும் நின்றது. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் மறுபடியும் விமானங்கள் வரத் தொடங்கின. இருக்கைகள் நிரம்பினாலன்றி எந்த விமானமும் நெடுநாள் ஓடாது. ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்த எத்தனை பேர் பொருள் செலவிட முன்வருவர் என்பதே அதன் ஆயுளை அறுதியிடும்.

இந்நிலையத்தின் ஓடுபாதை 1,806 மீட்டர் நீளமுடையது. சென்னையின் பெரிய ஓடுபாதை மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்டது. பெரிய பீச்சு விமானங்கள் நிறைந்த சுமையுடன் எழுவதற்கு நெடிய ஓடுபாதை வேண்டும். அதற்கு நிலம் வேண்டும். ஏறத்தாழ 570 ஏக்கர் நிலத்தை எடுத்து நிலையத்தை விரிவாக்க 2018-ஆம் ஆண்டில் முற்பட்டபோது, காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி ஆகிய ஊர்களின் உழவர்கள் அதனை எதிர்த்தனர். தம் முன்னோர் திருத்திய வயலும் தோட்டமும் கிணறும் போய்விடின் வாழ்வு யாது என்பது அவர்தம் வினா. தொலைநகரங்களோடு நேரே தொடர்பு வாய்த்தால் தொழில் வளரும், வேலை பெருகும் என்பது மற்றையோர் வாதம். இரு திறத்தார் சொல்லிலும் பொருள் உண்டு.

இவ்வழக்கைச் சீர்தூக்குவார்க்கும் மேற்கூறிய கணக்குத் துணைபுரியும். சென்னைக்குச் செல்லும் பொழுதைக் குறைக்கப் பெரிய விமானம் வேண்டும் என்று ஒருவர் கூறினால் அது பொருந்தாது. மணிக்கு 800 கிலோமீட்டர் செல்லும் விமானமும் இக்குறுவழியில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அதே வானத்தைத்தான் கடக்க வேண்டும். மிச்சமாவது சில நிமிடங்களே. ஆனால் தில்லிக்கும் அயல்நாட்டிற்கும் நேரே செல்லுதற்கு என்று கூறினால், அது எண்ணிப்பார்க்கத்தக்க காரணமாகும். அப்போதும், பெறும் மணிகளை ஒரு தட்டிலும், இழக்கும் விளைநிலத்தை மறுதட்டிலும் வைத்து நிறுத்தல் வேண்டும். அளவறிந்து பேசுவோர் சொல்லே அவையில் நிற்கும்.

தொலைவு நிலத்தின் இயல்பு, அது மாறுவதில்லை. பொழுதோ ஊர்தியாலும் காற்றாலும் கடிகாரத்தாலும் காத்திருப்பாலும் மாறுவது. ஆகவே, ‘எவ்வளவு தொலைவு?’ என்று கேட்பவர், எவ்வழியாக என்பதையும் உடன் கேட்டல் வேண்டும், ‘எவ்வளவு நேரம்?’ என்று கேட்பவர், எவ்விடத்திலிருந்து எவ்விடம் வரை என்பதையும் உடன் கேட்டல் வேண்டும். கேள்வி செப்பமாக அமைந்தால் விடையும் செப்பமாக அமையும். மாணவர் தம் ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைத் தேசப்படத்தில் கண்டறிந்து, அருகிலுள்ள நகரங்களின் நேர்த்தொலைவைத் தாமே கணக்கிட்டுப் பார்ப்பாராக. பரங்கிமலை அடிவாரத்தில் சங்கிலி பிடித்து நின்றவரின் உழைப்பு, அப்போது அவர்தம் ஏட்டிலும் சிறிது தொடரும்.